அரை மில்லிமீட்டர்

2025 ஏப்ரல் 21, பகல் 12 மணி. திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானம். முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் பலகை முன்னால் மண்டியிட்டு, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை அட்டைத் துண்டுகளைச் செருகிக்கொண்டிருந்தார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொத்தனாரான அவருடைய அப்பாவின் பையிலிருந்து வந்தவை.

பலகைக்கு மேலே சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு தகரத் தகடு. அதில் 2 மி.மீ. துளை. துளையிலிருந்து குண்டை இறக்கி, அதன் முனை நின்ற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். குண்டை எடுத்ததும், சுண்டுவிரல் நகமளவு ஒளிவட்டம் பலகையில் விழுந்தது. அது சூரியனின் பிம்பம்.

"குச்சி நட்டு நிழலை அளந்தால் போதாதா?" என்று கேட்டேன்.

"சூரியன் புள்ளி இல்லைங்க சார், அரை டிகிரி அகலம். ஒரு மீட்டர் குச்சின்னா நிழலோட நுனி 9 மில்லிமீட்டருக்கு மங்கிப் போயிடும். நாங்க தேடுறதே 5 மில்லிமீட்டர்தான். வட்டம்னா நடுவைக் கண்டுபிடிச்சிடலாம்."

அன்று விழுப்புரத்துக்கு நிழலில்லா நாள், அதாவது நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள். திண்டிவனத்துக்கு மறுநாள்தான். விழுப்புரத்திலும் அவருடைய நண்பர்கள் இதேபோல் அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக ஏறக்குறைய 32 கி.மீ. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துப் பூமியை அளந்த அதே வழிதான் இதுவும். அவருக்குக் கிடைத்த கோணம் 7 டிகிரிக்கு மேல். இவர்களுக்குக் கிடைப்பது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் இவ்வளவு பக்குவம்.

ஒளிவட்டம் நிமிடத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் கிழக்கே நகர்ந்தது. நிமிடத்துக்கொரு புள்ளி வைத்தார்கள். 12.10 தாண்டியதும் விழுப்புரத்திலிருந்து போன்: அங்கே வட்டத்தின் நடு, குண்டு நின்ற புள்ளி மேலேயே போயிருக்கிறது. இங்கே புள்ளிகளைச் சேர்த்த கோடு 5.3 மி.மீ. வடக்கே தள்ளி நின்றது.

பிள்ளைகள் சுற்றி நிற்க, கணக்கைச் சாக்பீஸால் எழுதினார். ஒரு மீட்டருக்கு 5.3 மி.மீ. என்றால், 32 கி.மீ. தள்ளுவதற்குப் பூமியின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஏறக்குறைய 6,040 கி.மீ.

"அக்கா, புத்தகத்துல 6,371னு இருக்கே. அப்போ உங்களுது தப்பா?" என்றான் ஒரு பையன்.

அவர் ஸ்கேலை அவன் கையிலேயே கொடுத்தார். "நீ அளந்து சொல்லு." அவன் 5 என்றான். பக்கத்துச் சிறுமி ஐந்தரை என்றாள். "பாத்தியா தம்பி, கோடு ஒண்ணுதான், ஆனா அரை மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த அரை மில்லிமீட்டர் இந்தக் கணக்குல 570 கிலோமீட்டர் ஆயிடும். அதனால 6,040ன்னு மட்டும் சொன்னா அது முழு உண்மை இல்ல. 570 கூடலாம், குறையலாம்னும் சொல்லணும். இப்போ 6,371 அதுக்குள்ள வருதா?" பையன் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

நான் படித்த காலத்தில் ஊசல் சோதனைக்கு விடையை முதலில் எழுதிவிட்டு, அளவுகளை அதற்கேற்ப ரெக்கார்டு நோட்டில் நிரப்பினோம். மதிப்பெண் வந்தது, இயற்பியல் வரவில்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். தன் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை ஒரு சிறுவனுக்குத் தமிழில் புரியவைக்க முடிந்தவரே அந்தச் சோதனையை முழுதாகக் கற்றவர். எடுத்துச் சொல்வதும் செய்முறையின் ஒரு பகுதிதான். இந்தக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டிச் சூரியன் மறுபடி இந்த ஊர்களின் உச்சிக்கு வரும். ஒரு தகரத் தகடு, ஒரு தூக்குக்குண்டு, பக்கத்து ஊரில் ஒரு நண்பர் போதும். நீங்களும் அளந்து பாருங்கள். கிடைக்கிற எண்ணோடு பிழையையும் சேர்த்து எழுதுங்கள்.