ஆறாயிரம் அடி விழுந்த கதை

தேக்கா மார்க்கெட்டில் தே தாரிக் குடிக்கும்போது விமானப் பேச்சு வந்தால் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 321 வராமல் போகாது. "மூணு நிமிஷத்துல ஆறாயிரம் அடி விழுந்துச்சுல்லண்ணே!" என்பார் யாராவது ஒருத்தர்.

விழவில்லை. அந்த 37,000லிருந்து 31,000 அடி, விமானிகள் நிதானமாக இறக்கியது. 2024 மே 21 அன்று நடந்த அந்தச் சம்பவத்தின் கறுப்புப் பெட்டியைச் சிங்கப்பூர் விசாரணைக் குழு பிரித்துப் பார்த்தது. உண்மையான வீழ்ச்சி 178 அடி, 4.6 நொடி. அவ்வளவுதான்.

அதற்கா ஓர் உயிர் போயிற்று, இத்தனை பேருக்கு அடி? அங்கேதான் விஷயம். ஜி அளவு, அதாவது உடம்பு உணரும் ஈர்ப்பின் மடங்கு, 0.6 நொடிக்குள் +1.35லிருந்து −1.5க்குப் போய்விட்டது. பெல்ட் போடாத உடம்பு விழும் வேகத்தைவிட விமானம் வேகமாகக் கீழே போக, ஆட்கள் கூரையில் போய் இடித்தார்கள். நான்கு நொடியில் எல்லாம் தலைகீழாகி, இருக்கைமேல் விழுந்தார்கள். ஆபத்து உயரத்தில் இல்லை, வேகம் மாறிய விதத்தில்தான்.

ஸ்கைடைவிங் பற்றியும் இதே மாதிரிப் பேச்சுண்டு, குதித்ததிலிருந்து தரைவரை வயிற்றைப் புரட்டுமாம். மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டரில் வேகம் நிலைத்துவிட்டால் புரட்டல் ஏது? காற்று தாங்கிக்கொள்ளும். நம்பாதவர் சென்டோசா ஐஃபிளை காற்றுக்கூண்டில் மிதந்து பார்க்கலாம். டிக்கெட் விலைதான் கொஞ்சம் வயிற்றைப் புரட்டும்.

விமானப் பேச்சில் அடுத்த கேள்வி எப்போதும் கதவு: பறக்கும்போது திறக்க முடியுமா? உச்சியில் பறக்கும்போது உள்ளழுத்தம் விடாது, எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. தரைக்குப் பக்கத்தில் வேறு கதை: 2023இல் தென்கொரியாவில் இறங்கிக்கொண்டிருந்த ஏசியானா விமானத்தில், சுமார் 700 அடி உயரத்தில், ஒருத்தர் திறந்தே விட்டார்.