கீரை அலசும் வெந்நீர், மாவாக உதிரும் பனி

ஜப்பானில் நாகானோ மாகாணத்தின் வடக்கு ஓரத்தில், கெனாஷி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது நோசாவா ஆன்சென் கிராமம். ஆன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. நவம்பர் மாதம் இங்கே போனால், ஊர்ப் பொதுக் குளியலறைகளில் மனிதர்களோடு கீரையும் குளிப்பதைப் பார்க்கலாம். நோசாவானா என்ற இந்தக் கீரை, டர்னிப் கிழங்கின் உறவு. கிழங்கு பெரிதாகத் திரளாது. இலைதான் இரண்டு, மூன்றடி உயரத்துக்கு வளரும். உறைபனி பட்ட பிறகு அறுத்தால் இலை மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கும். வெளியே விரல் விறைக்கும் குளிர். அதனால் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, ஊற்று நீரில் மண் போக அலசி, தொட்டியில் உப்புப் போட்டு அடுக்கிக் கல் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் ஊறுகாய்.

ஊர் நடுவில் ஓகாமா என்ற ஊற்று இருக்கிறது. அதில் பொங்கும் நீரின் வெப்பம் 90 டிகிரி அளவுக்கு இருக்கும். கீரை, முட்டை, வசந்த காலத்தில் மலையில் பறித்த காட்டுக் காய்கள் எல்லாம் கூடையோடு இதில் இறங்கி வெந்து வெளியே வருகின்றன. விறகுச் செலவே இல்லை! தவறி விழுந்தால் உயிர் போய்விடும் என்பதால் ஊர்க்காரர் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீரைக்குப் பின்னாலேயே பனி வந்துவிடும். சைபீரியாவில் இருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று, அதைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கரையேறியதும் மலை குறுக்கிட, காற்று மேலே எழும்பிக் குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. பருவமழை எப்படி மலையில் மோதிப் பெய்கிறதோ, அதே கணக்குதான். குளிர் கடுமையாக இருக்கும் நாட்களில் விழும் பனி கையில் பிடித்தால் உருண்டையாகாது, அரிசி மாவுபோல உதிர்ந்துவிடும். சறுக்கு விளையாட்டுக்காரர்கள் கடல் தாண்டி வருவது இதற்காகத்தான். மிதித்து இறுகாத மாவுப் பனியில் முழங்கால் புதையச் சறுக்கும்போது, தரையில் போவது போலவே தெரியாதாம்.

வயலுக்கு இது வேறு கதை. வருடத்தில் நான்கைந்து மாதம் நிலம் பனிக்கு அடியில் கிடக்கும். அப்படிப்பட்ட பனிப்பிரதேசங்களில் ஆண்கள் குளிர்காலத்தில் நகரங்களுக்கும், சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் ஆலைகளுக்கும் கூலி வேலைக்குப் போவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் கொடி முடைந்து கூடையும் பொம்மையும் செய்தார்கள்.

1911-ல் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஃபான் லெர்ச், பக்கத்து நீகாட்டா மாகாணத்தின் தகாடாவில் ஜப்பானியப் படைவீரர்களுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தார். அந்த வித்தை மலை தாண்டி நோசாவாவுக்கும் வந்தது. 1923-ல் ஊர்க்காரர்களே சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். 1950-ல் ஆட்களை மேலே தூக்கிச் செல்லும் லிஃப்ட் வந்தது. 1963-ல் சறுக்குத் தளத்தை நடத்தும் பொறுப்பைக் கிராம நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. விவசாயிகள் வீட்டில் அறை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைத்தார்கள். தம் வயல் அரிசி, தம் வீட்டு ஊறுகாய்தான் சாப்பாடு. குளிர்காலக் கூலிக்கு வெளியூர் போக வேண்டிய கட்டாயம் இப்படித்தான் தளர்ந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். ஊரில் 13 பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் கட்டணம் கிடையாது. வாசலில் ஓர் உண்டியல், விருப்பப்பட்டால் காசு போடலாம். ஊற்றுகளைப் பராமரிப்பது நோசாவா குமி என்ற பழைய ஊர்ச்சபை. குளியலறை ஒவ்வொன்றையும் அந்தந்தத் தெருக் குடும்பங்கள் முறைவைத்துக் கழுவுகின்றன. 'வெந்நீர்க் கூட்டாளிகள்' என்று பொருள்படும் ஒரு பெயரும் அந்தக் குடும்பங்களுக்கு உண்டு. பல ஊர்களில் ஊற்று விடுதிக்காரர் கைக்குப் போய்விட்ட காலத்தில், இந்த ஊர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

குளிக்கப் போகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆண், பெண் தனித்தனி. உடம்பில் துணி கூடாது, நீச்சல் உடையும் கூடாது. கூச்சப்படுபவர்களுக்கு முதல் நாள் சிரமம்தான். வெளியே உட்கார்ந்து உடம்பை நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சோப்பு நுரையோ, துண்டோ தொட்டி நீரில் படக் கூடாது. எத்தனையோ பேர் இறங்கும் நீர் அல்லவா? சூடு பல இடங்களில் கால் வைக்க முடியாத அளவுக்கு இருக்கும். மெதுவாக இறங்கி, சில நிமிடங்களில் ஏறிவிடுவது நல்லது. மது குடித்துவிட்டு இறங்குவது ஆபத்து. நாள் முழுக்கச் சறுக்கி வலித்த தொடைக்கு அந்தச் சில நிமிடங்களே போதும்.

பணம் வரும் இடத்தில் கவலையும் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த சறுக்குக் கூட்டம் பிறகு பாதிக்கும் கீழே போனது. 2005-ல் தளத்தை நடத்தும் வேலை தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. இப்போது வெளிநாட்டவர் வரவால் மறுபடி கலகலப்பு. வடக்கே ஹொக்காய்டோ தீவின் நிசேகோ பகுதியில் இதே கலகலப்பு வேறு விதமாக முடிந்திருக்கிறது. உருளைக்கிழங்குக்குப் பேர்போன குச்சான் ஊரில் வெளிநாட்டு முதலீடு குவிந்து, நில விலை உயர்வில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த வருடங்கள் உண்டு. விற்பவருக்கு அது லாபம். பக்கத்து நிலத்தை வாங்கிப் பயிர் செய்ய நினைக்கும் இளம் விவசாயி என்ன செய்வார்? நோசாவாவிலும் பழைய விடுதிகள் கைமாறத் தொடங்கிவிட்டன. ஊற்று மட்டும் இன்னும் ஊர் கையில்.

பனி குறைந்தாலும் ஆபத்துதான். 2019-20 குளிர்காலம் ஜப்பான் முழுக்கப் பனி வறண்டது. சறுக்குத் தளங்கள் திண்டாடின, வயல்காரர்களும் மலையை அண்ணாந்து பார்த்தார்கள். ஏனென்றால், மலையில் சேரும் பனிதான் உருகி, வசந்த காலத்தில் நெல் நாற்றுக்குத் தண்ணீராக இறங்குகிறது. அருகில் உள்ள சுனான் பகுதியில் கேரட்டை அறுக்காமல் பனிக்கு அடியிலேயே விட்டு, வசந்த காலத்தில் பனியை விலக்கித் தோண்டுகிறார்கள். குளிரில் இனிப்பு ஏறிய கேரட் அது.

டோக்கியோவில் இருந்து இய்யாமா நிலையத்துக்கு ஷின்கான்சென் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் நோசாவா. சறுக்க நினைப்பவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி. புதிதாகப் பழகுபவர்கள் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது, பனிச்சரிவு சொல்லிக்கொண்டு வராது. ஜனவரி 15 இரவு தீத்திருவிழா. மரத்தால் எழுப்பிய கோபுரத்தின் மேலே 42 வயதுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, 25 வயதுக்காரர்கள் கீழே நின்று காக்க, மற்ற ஊரார் தீப்பந்தத்தோடு மோதுவார்கள். கடைசியில் கோபுரம் எரியும். நல்ல விளைச்சலும் உடல்நலமும் வேண்டித்தான் இத்தனையும். அன்றைக்கு அறை வேண்டுமானால் பல மாதங்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.