வஞ்சின மாலையும் வலிக்காத கட்டியும்

தமிழ் இலக்கியத்தில் மார்பை இழந்த பெண்கள் சிலர் உண்டு. சிலப்பதிகாரத்துக் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரியூட்டினாள். ஒரு மார்பை அறுத்துக்கொண்ட திருமாவுண்ணியை நற்றிணையின் 216ஆம் பாடல் நினைவுகூர்கிறது. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டது உண்மையெனில் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்துக் களம் புகுகிறாள். இங்கெல்லாம் மார்பு துயரத்தின், சினத்தின், சூளுரையின் மொழியாகிறது. நோயின் பொருட்டு அறுவை மேசையில் அதைக் கொடுத்துவிட்டு, மறுவாரம் வீட்டுக்குத் திரும்பி உலை வைத்தவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அத்தகைய பெண்கள் சிலரை அண்மையில் மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் கண்டோம். ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைத் தொகுப்பாளர் 'வீராங்கனைகள்' என்று சொல்லி மேடைக்கு அழைத்தார். முதலில் ஒலிவாங்கியைப் பெற்ற மூதாட்டி, "வீரமெல்லாம் ஒண்ணுமில்லேம்மா. பயந்துண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆனா போனேன்" என்றார். அடுத்துப் பேசியவர் மந்தைவெளியில் பூக்கட்டுபவர். "கட்டி வலிக்கல, அதனால சும்மா இருந்துட்டேன். எம் பொண்ணுதான் இழுத்துட்டுப் போனா" என்றார். முடி உதிர்ந்த நாள்கள், ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்ட பஞ்சு, குடம் தூக்கவொட்டாமல் வீங்கும் கை என்று அவர்கள் பேசியவை யாவும் அன்றாடத்தைச் சார்ந்தவை. அவலச்சுவையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

அவர்களுள் பலர் அடையாறில் சிகிச்சை பெற்றவர்கள். தமிழகத்தின் பல ஊர்களில் 'அடையாறுக்குப் போயிருக்கிறார்' என்றால் போதும், நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பதாண்டுக்கும் மேலாக அந்த இழப்பை மறவாதிருந்து எழுப்பியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954இல் 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்தவர், மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் வி. சாந்தா. 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகமே அவர் உலகமாக இருந்தது. புற்றுநோய் என்றாலே மரணம் என்னும் அச்சத்தை அகற்றுவதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அவர் கருதினார்.

அச்சம் மருத்துவர்களையும் விட்டதில்லை. அக்குளின் நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பெண்கள் கைக்குக் கடும் வேலை கொடுத்தால் வீக்கம் வந்துவிடும் என்றே நெடுங்காலம் எச்சரித்துவந்தனர். 1996இல் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கன்சி என்னும் மருத்துவர், நோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சியளித்துப் படகு வலிக்கச் செய்தார். அஞ்சியபடி வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இத்தகைய பெண்களின் படகுக் குழுக்கள் உள்ளன. மேடையில் இச்செய்தியைச் சொன்னபோது, பூக்கட்டும் அம்மையார் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நம் சித்தி ஒருவர் வலிக்காத கட்டியை ஓராண்டுக்கு மேல் மறைத்தே வைத்திருந்தார். கணவரிடம் சொல்லவும் நாணம். மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவருக்குச் சொல்லவும் ஒருவரில்லை. அவர் வாய்திறந்தபோது நோய் எலும்பு வரை சென்றிருந்தது. வகுப்பறையில் அறுபது பேர் நடுவே கூச்சமின்றி நாம் வாசிக்கும் சொல், வீட்டுக்குள் மருத்துவரிடம் செல்வதற்காகக்கூட உச்சரிக்கப்படுவதில்லை. அன்றைய மேடையில் அந்தப் பெண்கள் செய்தது அந்தச் சொல்லை உரக்கச் சொன்னதுதான். தாம் பிழைத்ததைவிட, பிறர் பிழைக்க அது உதவும் என்பதே அவர்களை அங்கே வரவழைத்திருந்தது. அவர்களைக் கண்ணகி என்று புகழ வேண்டியதில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு ஒருத்தி உரிய காலத்தில் பரிசோதனைக்குச் சென்றால் போதும்.

இந்தப் பருவத்தில் வஞ்சின மாலையை நடத்தும் நாளில், வலிக்காத கட்டியைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுவதென்று எண்ணியிருக்கிறோம். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. பாடவேளையில் இருக்கிறது.