மானாம்பதியாள்

ஞாயிறு

அம்மாவின் அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு என்ன பெயர் என்று பெரியம்மாவைக் கேட்டேன். "மானாம்பதியான்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. பேரு யாருக்குடி தெரியும்?" என்றார். உத்திரமேரூர்ப் பக்கம் வாழ வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊரே பெயராகிவிடும். சாலவாக்கத்திலிருந்து வந்தவள் சாலவாக்கத்தாள். ஆயுசு முழுக்கக் கழனியில் உழைத்தவளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லையே என்று ஆறவில்லை.

செவ்வாய்

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்தாயிற்று. தாத்தா, அவர் அப்பா, பங்காளிகள். நிலம் போன வழியில்தான் பெயர்களும் போயிருக்கின்றன. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான். 1951-52 தேர்தலின்போது இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்ன பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், சுமார் 28 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

வியாழன்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகள். குடவோலை, 30 குடும்பு, 35 வயதுக்கு மேல் 70-க்குள் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். இன்று நான் தேடி நின்றது வேறு பகுதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரும் குடவோலைக்கு ஆகார் என்ற பட்டியல் அது. சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், பெண் கொடுத்த மாமனார், அக்காள் தங்கையைக் கட்டியவன் என்று நீள்கிறது. பாதி உறவு பெண் வழியாக வருவது. ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. அது வேதம் கற்ற பிராமணரின் சபை. எங்கள் வீட்டு ஆண்களுக்கே அதில் இடம் இருந்திருக்காது.

சனி

மாமா பரண்மேலிருந்து தாத்தா கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்க மூலையில் மஞ்சள் கறை. மேல் ஓரம் செல்லரித்திருந்தது. முதல் வரியே தாய்மாமன் மொய்: மானாம்பதி, அவர் பெயர், அவர் அப்பா பெயர், தெரு. தாத்தாவின் தாய்மாமன் என்றால் ஆயாவின் கூடப்பிறந்தவர். இப்படி ஒரு நோட்டு எந்தத் தாலுகா ஆபீசிலும் கிடைக்காது. மொய் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

திங்கள்

மானாம்பதி. அந்தத் தெருவில் தாய்மாமனின் மகள் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. "எங்க அத்தை" என்று ஆரம்பித்துத் தயங்காமல் பெயரைச் சொன்னார். அண்ணன் மகளுக்கு என்ன தயக்கம்? மருமகளாய் வந்த எங்கள் ஆயாதான் மாமியார் பெயரைக் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அது எங்கள் சித்தியின் பெயர். மானாம்பதியாள் செத்த பிறகு பிறந்தவள் சித்தி. பெயரை வைத்துவிட்டு, சொல்லக்கூடாது என்று வீட்டில் "பாப்பா" ஆக்கிவிட்டார்கள். அறுபது தாண்டியும் அவள் பாப்பாதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே சித்திக்குப் போன் செய்தேன். "ஆயா பேரா எனக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மானாம்பதியாளின் அம்மா வந்தவாசிப் பக்கத்துப் பெண்ணாம். அடுத்த வாரம் சித்தியும் என்னோடு வருகிறாள்.