சுவருக்கு ஒரு சந்தன நிறம்

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் பலகாரத்துக்கு முன்பே சாயப் பேச்சு வந்துவிடும். பச்சையா, நீலமா, ரோஸா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையில் எவரும் நினைக்காத நிறம் ஒன்று உண்டு. வெள்ளையும் அல்ல, மஞ்சளும் அல்ல. குழைத்த சந்தனம் போன்றது. கடையில் 'கிரீம்' என்றோ 'பேஜ்' என்றோ சொல்வார்கள்.

தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. சுவரும் நிர்வாகத்தினுடையது, சுண்ணாம்பும் நிர்வாகத்தினுடையது. என் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். பிறகு தாமானில் மலிவு விலை வீடு ஒன்று வாங்கிக் குடிபோனோம். உள்ளே எல்லாம் வெள்ளை. இரவில் குழல்விளக்கைப் போட்டதும், "ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்று அம்மா முன்வாசலில் பாயை விரித்துக்கொள்வார்.

"உங்களுக்கு என்ன நிறம்மா வேணும்?" என்று ஒருநாள் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் அந்தக் கேள்வி அவருக்குப் புதிது. பிறகு மெல்ல, "தேத்தண்ணியில பாலு கூடிப்போனா ஒரு நிறம் வருமே, அது" என்றார்.

கடையில் வண்ண அட்டையைப் புரட்டி அதையே கலக்கச் சொன்னோம். வெள்ளைச் சாயத்தில் காவியும் மஞ்சளும் சிறிது சேர்ந்தால் பிறப்பதுதான் இந்த நிறம். அதனால் நம் ஊர் உச்சி வெயில் பட்டாலும் கண் கூசாது. வெளிர் நிறமாகையால் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். சிறிய அறையும் இருண்டு தோன்றாது. பிள்ளைகளின் கைக்கறை வெள்ளையில் தெரிவது போல் பளிச்சென்று தெரியாது. ஆனாலும் துடைத்தால் போகிற சாயமாகப் பார்த்து வாங்குவது நல்லது.

தாய்மார்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அட்டையை மட்டும் நம்பாமல் சுவரில் ஒரு முழம் பூசி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை விளக்கில் இந்த நிறம் வெளிறிவிடும். மஞ்சள் சாயல் விளக்கில் இதமாக இருக்கும். பழைய சுண்ணாம்பு கையில் ஒட்டினால் அதைச் சுரண்டி, அடிப்பூச்சு பூசிய பிறகே சாயம் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிந்து வரும். ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். 10 அடிக்கு 10 அடி அறையின் நான்கு சுவர்களுக்கும் இரண்டு பூச்சு அடிக்க 6 லிட்டர் வாங்கலாம். கூரையை வெள்ளையாகவே விடுங்கள்.

அம்மாவின் பாய் இப்போது கூடத்தில்தான் விரிகிறது. வருகிறவர்களிடம், "நான் சொன்ன சாயம்" என்கிறார்.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் எந்த நிறம் என்பது உங்கள் விருப்பம். டின்னைத் திறப்பதற்கு முன்னால், வீட்டின் மூத்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.