பழையனூர் நீலியும் நம் வீட்டுப் பெண்களும்

அழுகின்ற பெண்ணைப் பார்த்து, "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று அதட்டுவது நம் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் குடியேறி, வெளியே தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வாழ்கின்ற நம்மவர் நாவிலும் இச்சொல் இன்னும் வழங்குகின்றது. அந்த நீலி யார்? அவள் கண்ணீர் பொய்க் கண்ணீர் என்று முடிவு செய்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் ஒரு விடுமுறை நாளில் புறப்பட்டோம்.

நீலியின் ஊர் பழையனூர். அது திருவாலங்காட்டை அடுத்துள்ளது. அவ்வூர் நமக்கு அயலூர் அன்று. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்த பின்னர், 1960 ஏப்ரல் முதல் நாள் வரையில் திருத்தணி வட்டம் அம்மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. எல்லைத் திருத்தத்தின்போது அவ்வட்டம் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கங்காதர நெல்லூர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே, ஒரு காலத்தில் நம் மாவட்டத்து ஊராக இருந்த ஊரையே நாம் காணச் சென்றோம் எனலாம்.

பேருந்தில் சித்தூர் சென்று, அங்கிருந்து இரயிலில் காட்பாடியை அடைந்து, அரக்கோணம் வழியாகச் சென்னைப் பாதையில் போனால் திருவாலங்காடு நிலையம் வருகின்றது. தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே திறக்கப்பட்டது; அது இவ்வழியே செல்லும் பாதைதான். நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் சில கல் தொலைவு சென்றால் கோயில் கோபுரம் தெரிகின்றது. பெயருக்கேற்ப ஆலமரங்கள் அடர்ந்த காடு இப்பொழுது இல்லை. வயல்களும் வீடுகளுமே உள்ளன.

முதலில் பழையனூர்க் கதையைக் காண்போம். அது பல வடிவங்களில் வழங்குகின்றது. எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்றே: கணவன் ஒருவன் தன் மனைவியை நம்ப வைத்து வழியிலே கொன்றுவிடுகின்றான். அவள் பேயாகின்றாள். மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கட்டை ஒன்றைக் குழந்தையாக மாற்றி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடிய அவைக்கு வருகின்றாள். "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்" என்று அழுகின்றாள். வணிகனோ, "இவள் பெண்ணல்லள், பேய்" என்று அலறுகின்றான். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கக் கேட்ட அவையோர், அவன் கைவாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபதின்மரும் உயிர் விடுவோம்" என்று உறுதி கூறி, இருவரையும் ஓரிடத்தில் தங்கச் செய்கின்றனர். விடிவதற்குள் வணிகன் மாண்டான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர்.

அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று ஒரு மண்டபம் காட்டப்படுகின்றது. அங்கே சாட்சி பூதேசுவரர் கோயிலும் உள்ளது. சொல்லுக்காக உயிர் விடுவது எளிய செயலா? சேக்கிழார் பெருமான் இவர்கள் வாய்மையைத் தொண்டை நாட்டின் சிறப்புகளுள் ஒன்றாகப் பெரியபுராணத்தில் போற்றினார். அவர்க்கும் முன்னரே திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுத் தேவாரத்தில் வஞ்சத்தால் உயிர் கொண்ட ஒருத்தியைக் குறித்தார். அவ்விடத்தில் நின்றபோது அப்பெரியோரை எண்ணி நம் கைகள் தாமே குவிந்தன.

ஆயினும் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. அவையில் நின்ற இருவருள் முதலில் கொலை செய்தவன் யார்? அவனன்றோ! அவள் இடுப்பிலிருந்த குழந்தை பொய். அழுத வழக்குப் பொய்யன்று. தன்னைக் கொன்றதற்கு நியாயம் கேட்க உயிரோடிருந்தபோது அவளுக்கு அவை கிடைக்கவில்லை. இறந்த பின்னர்ப் பொய் வேடம் பூண்டே அவைக்கு வர வேண்டியிருந்தது. எழுபதின்மரின் வாய்மை புராணம் ஏறிற்று; வணிகனின் அச்சம் கதையாயிற்று; அவளுடைய துயரமோ பொய்யழுகைக்குப் பெயராகி நம் வீட்டு வசவாக நிலைத்துவிட்டது. கொலையுண்ட மனைவியின் பெயர்கூடக் கதைக்குக் கதை மாறுகின்றது.

இவளை வேறுவகையாக நினைத்த நூல் ஒன்று தமிழில் உண்டு. அதுவே ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி. அதனை இயற்றிய சமண முனிவரின் பெயர் தெரியவில்லை. அதற்குச் சமய திவாகரம் என்னும் உரை உண்டு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அதனை 1936-இல் அச்சிட்டார். அந்நூலில் பாஞ்சால நாட்டுக் காளி, தனக்கு வரும் உயிர்ப்பலியைச் சமண முனிவர் முனிச்சந்திரர் தடுத்துவிட்டார் என்று சினந்து, அவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலியை வரவழைக்கின்றாள். நீலி தன் மாயமெல்லாம் காட்டியும் முனிவர் அஞ்சவில்லை; இன்னாள் என்று அவளை அறிந்தும் விரட்டவில்லை. அவர் கூறிய அறத்தைக் கேட்டு அவள் கொலைத் தொழிலை விடுகின்றாள். பின்னர் நீலகேசி என்னும் பெயரோடு ஊர் ஊராகச் சென்று, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் முதலிய சமயவாதிகளோடு வாதிட்டு வெல்கின்றாள்.

அன்பர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். ஓர் அவையில் பேய் எனப் பழிக்கப்பட்டவளுக்கு, இந்நூலாசிரியர் பல அவைகளில் தருக்கம் பேசும் உரிமையை அளித்தார். அவர் நோக்கம் தம் சமயத்தை நிலைநாட்டுவதே, ஐயமில்லை. எனினும், அஞ்சாமல் ஒருவர் அவள் சொல்லைக் கேட்டமையால் பேய் பெண்ணாகி, பெண் அறிஞராகிறாள் என்பதும் அந்நூலில் இருக்கின்றது. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்தது இது. கொல்லத் துணிந்த கணவனிடமிருந்து தப்பிய பெண்ணே அக்குண்டலகேசி. அந்தோ, அவள் காப்பியம் அழிந்து சில பாக்களே எஞ்சியுள்ளன.

பழையனூரிலிருந்து திரும்பித் திருவாலங்காட்டுக் கோயிலுக்குள் சென்றோம். ஐந்து சபைகளுள் இரத்தின சபை இதுவே. ஆடும் பெருமானின் திருவடியருகே காரைக்கால் அம்மையாரின் நினைவு விளங்குகின்றது. அவரும் பேய் வடிவம் கொண்டவரே! வணிகர் மனைவியாகிய புனிதவதியார், மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவனால் பிரியப்பட்டார். அவனோ பாண்டி நாட்டில் மறுமணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். அவர் தேடி வந்தபோது காலில் விழுந்து வணங்கினான். இனி அவனுக்காகத் தாங்கிய அழகு எதற்கு என்று, அம்மையார் உடலின் தசையை உதறிப் பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றார். தலையால் நடந்து கயிலை கண்டு, பின் இந்த ஆலங்காட்டுக்கு வந்தார்.

ஓரூரின் எல்லைக்குள் கணவனை இழந்த இருவர், இருவரும் பேய்கள். ஒருவர் நாயன்மார் வரிசையில் அமர்ந்து வணங்கப்படுகின்றார், மற்றொருவர் வசவாகின்றார். ஒருவர் செய்தது பத்தி, மற்றொருவர் செய்தது கொலை என்று அன்பர்கள் கூறலாம், அஃது உண்மையே. ஆனால் இன்னொரு வேறுபாடும் உண்டு. அம்மையார் தம் சொல்லைத் தாமே பாடி வைத்தார். மூத்த திருப்பதிகங்கள், திருவிரட்டை மணிமாலை, நூற்றொரு பாக்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதி ஆகியவை இன்றும் ஓதப்படுகின்றன. சுடுகாட்டையும் பேயையும் அவர் தம் கண்ணால் கண்டவாறே பாடினார். நீலிக்கோ தன் சொல் என ஒன்றும் எஞ்சவில்லை. பிறர் சொன்னதே எஞ்சிற்று.

மூன்றாவதாக ஓர் அரசியையும் இங்கே நினைக்க வேண்டும். 1905-இல் இவ்வூரில் கிடைத்த 31 செப்பேடுகள், இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இக்கோயிலுக்கு அளித்ததைக் கூறுகின்றன. அவற்றுள் சோழர் குலவரலாறு சொல்லுமிடத்தில், சுந்தர சோழன் இறந்தபோது அரசி வானவன்மாதேவி உடனுயிர் நீத்த செய்தி வருகின்றது. விண்ணுலக மகளிர் தன் கணவனைக் கவர்ந்துவிடுவரோ என்று அஞ்சி அவள் பின்தொடர்ந்தாள் எனப் புலவர் காரணமும் கற்பிக்கின்றார். அவள் நெஞ்சில் இருந்தது என்ன? அதை அவளிடம் கேட்டு எழுதியவர் இல்லை.

இறந்த பெண் திரும்பி வருவதாகக் கூறும் நூல்கள் பிறநாட்டிலும் உண்டு. ஜப்பானில் 1825-இல் அரங்கேறிய யோத்சுயா நாடகத்தில் கணவனால் வஞ்சிக்கப்பட்டு மாண்ட ஓய்வா ஆவியாகத் தொடர்கின்றாள். அதில் நடிப்போர் முதலில் அவளை வணங்கிவிட்டே மேடை ஏறுவர். அமெரிக்காவில், நம் இருப்புப்பாதை பிறந்த அதே 1856-இல், மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப் பெண் தப்பியோடிப் பிடிபட்டபோது, தன் மகள் மீண்டும் அடிமையாகலாகாது என்று அக்குழந்தையைத் தன் கையாலேயே கொன்றாள். அச்செய்தியிலிருந்து டோனி மாரிசன் 1987-இல் 'பிலவ்ட்' என்னும் நாவலைப் படைத்தார். அதில் இறந்த மகள் வீட்டுக்கே திரும்பி வருகின்றாள். அவளை நினைக்கவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் வீடு தவிக்கின்றது. நம் நாஞ்சில் நாட்டிலோ நீலியே முப்பந்தலில் இசக்கியாகி, பிள்ளைவரம் வேண்டுவோர்க்குத் தாயாக விளங்குகின்றாள். கதை ஒன்றே, சொல்வோரின் நெஞ்சுக்கேற்ப அவள் பேயும் ஆகின்றாள், தாயும் ஆகின்றாள்.

நம் பக்கத்து வழக்கங்களையும் பாருங்கள். திருப்பதியில் ஆண்டுதோறும் கங்கம்மா ஜாத்திரை நடைபெறுகின்றது. பெண்களை நலிந்த பாளையக்காரன் ஒருவனை வேடம் மாறி வந்து தலை கொய்தவள் அவள் என்பது கதை. அவள் சினத்தை நியாயம் என்று ஊரே கொண்டாடுகின்றது. தெலுங்கு மக்கள் சுமங்கலியாக மாண்ட பெண்ணைப் பேரண்டாலு என்று வணங்குகின்றனர். நம் வடபகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் திருமணத்திற்கு முன் பூவாடைக்காரிக்குப் புதுப்புடவை சாத்திப் படைப்பது உண்டு. வீட்டில் வாழ்ந்து மறைந்த பெண்ணே அவள். அவளை அழைக்காமல் மங்கல வினை தொடங்குவதில்லை.

ஆனால் அப்படையலின்போது, "இந்தப் பூவாடைக்காரி யார்? அவர் பெயர் என்ன? பிறந்த ஊர் எது? எப்படி இறந்தார்?" என்று பிள்ளைகள் கேட்டால் எத்தனை வீடுகளில் விடை கிடைக்கும்? புடவை மட்டும் நினைவிருக்கின்றது, உடுத்தவர் மறைந்துவிட்டார். ஊரை விட்டு வந்த நம்மவர்க்கு இவ்விழப்பு மேலும் பெரிது. பாட்டியின் பெயரைச் சொல்லும் உறவினர் வேறூரில் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளோ பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பிரசவத்தில் போனவர், நோயில் போனவர், கணவன் வீட்டுக் கொடுமை தாளாமல் கிணற்றில் விழுந்தவர் என்று எத்தனையோ பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசுவதே தீது என்று வாய்மூடுகின்றோம். பேசாத துயரமே பின்னாளில் பேய்க்கதையாகின்றது.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த படையலுக்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மறைந்த பெண்களின் பெயர், ஊர், வாழ்ந்த வாழ்வு, இறந்த வகை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதுங்கள். பிள்ளைகளுக்காகப் பக்கத்தில் தெலுங்கிலும் எழுதுங்கள். இறப்புக்கு யாரேனும் காரணமாயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். உயிரோடிருக்கும் அம்மா, அத்தை, பாட்டி ஆகியோரைத் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லச் செய்து, அவர்கள் சொல் மாறாமல் எழுதி வையுங்கள். அன்றியும், வீட்டில் ஒரு பெண் அழுதால், அது நீலிக் கண்ணீரா என்று கேட்பதை விட்டு, என்ன நேர்ந்தது என்று கேட்போமாக.