கேக்கின் விலையில் எழுதப்படாத மணிநேரங்கள்

மூன்று ஆண்டுகளாக எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, வீட்டிலிருந்தபடியே பொருளீட்டும் பெண்களின் உழைப்பைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. மற்றொன்று, செகந்திராபாத் தார்நாகாவில் நான் வாடகைக்கு இருக்கும் சிறிய வீட்டின் சமையற்கட்டில் திருமண கேக் செய்வது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எங்கே தொட்டுக்கொண்டன என்பதைச் சொல்லவே இந்த நெடும்பதிவு. பொறுமையுடன் படிக்கும் நண்பர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

காரணம் எளியது. நெட் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தகுதி இன்றி மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் என்னைப் போன்றோருக்கு 8,000 ரூபாய். வாடகை கொடுத்தபின் அதில் மிஞ்சுவது மிகக் குறைவு. ஊரிலிருந்து பணம் வரும் குடும்பமும் அன்று. ஆகவே வேறொரு வருவாய் தேவைப்பட்டது.

எனக்கு இத்தொழிலைக் கற்பித்தவர் லாலாகுடாவில் வாழும் ஒரு மூதாட்டி. ஆன்ட்டி என்றே அழைப்பேன். பாளையக் காலத்தில் செகந்திராபாதில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. கணவர் இரயில்வேயில் பணியாற்றி மறைந்தவர். அவருடைய தமிழில் பாதி தெலுங்கு, கால்வாசி உருது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் தெருவிலும் தேவாலயத்திலும் நடந்த திருமணங்களுக்குக் கேக் செய்து கொடுத்தவர். எவரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. முந்திரியும் சர்க்கரையும் முட்டையும் மணவீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். கை மட்டும் இவருடையது.

அவர் முதலில் கற்பித்தது காத்திருப்பதை. திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி ரம்மில் ஊறவைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஊறினால் நல்லது. கேக்கைக் குறைந்த சூட்டில் பல மணிநேரம் வேகவைத்து, ஆறியபின் சுற்றிவைத்து, இடையிடையே ரம் தடவி முதிரவிட வேண்டும். பிறகு மேற்பூச்சு. பாதாம் விலை கட்டுப்படியாகாத வீடுகளில் மார்சிபானை முந்திரியில்தான் செய்வார்கள், ஆன்ட்டியும் அப்படியே. முந்திரிப்பொடியும் ஐசிங் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் பிசைந்து, சப்பாத்திபோல் தேய்த்து, ஜாம் தடவிய கேக்கின்மேல் போர்த்தவேண்டும். அது ஒரு நாளேனும் உலராவிட்டால் முந்திரியின் எண்ணெய் வெள்ளைப் பூச்சில் மஞ்சளாகக் கசியும்.

அதன்மேல் ராயல் ஐசிங். வெண்கரு, சலித்த ஐசிங் சர்க்கரை, சில துளி எலுமிச்சைச் சாறு, அவ்வளவே. பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் வெண்கரு நுரைத்து எழாது. கலவையை ஈரத்துணியால் மூடாவிட்டால் சில நிமிடங்களிலேயே மேலே ஏடு கட்டிவிடும். ஒரு பூச்சு பூசி இரவு முழுதும் உலரவிட்டு, மணல்தாளால் மெல்லத் தேய்த்து, அடுத்த பூச்சு, இப்படி மூன்று. "சர்க்கரைக்கு நம்ம அவசரம் தெரியாது பாப்பா" என்பார்.

அலங்காரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கேக்கின் பக்கங்களில் தொங்கும் சர்க்கரை நூல். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் மெல்லிய நாசில் பொருத்தி, ஐசிங்கை நிரப்ப வேண்டும். நுனியைக் கேக்கில் தொட்டு, அழுத்தியபடி கையைப் பின்னால் இழுத்தால் நூல் காற்றில் நீளும்; அடுத்த புள்ளியில் தொட்டு முடிக்கவேண்டும். வளைவை நாம் வரைவதில்லை. நூல் தன் எடையால் தானே வளைகிறது. கேக்கைச் சுற்றி எல்லா வளைவும் ஒரே ஆழத்தில் அமைவதற்கு ஒவ்வொரு நூலும் ஒரே நீளம் இருக்கவேண்டும். அந்த நீளத்தைக் கை அறிய எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்துவைத்து அதன் பக்கத்தில் பயின்றேன். பகலில் இயல் எழுதுவேன், இரவில் டின்னுக்கு நூல் கட்டுவேன்.

அடுக்கு கேக் என்பது பார்ப்பதற்குத்தான் ஒன்றன்மேல் ஒன்று. உண்மையில் மேலடுக்கின் எடையைக் கீழுள்ள கேக் தாங்குவதில்லை. கீழடுக்கின் உயரத்திற்கு அளந்து வெட்டிய குச்சிகளை அதனுள் நிறுத்தி, மேலடுக்கைத் தனி அட்டையோடு அவற்றின்மேல் வைக்கவேண்டும். அரச குடும்பங்களிலேயே ஒரு காலத்தில் இது எளிதாக இருந்ததில்லை. 1858இல் விக்டோரியா அரசியின் மூத்த மகள் திருமணத்திற்குச் செய்த கேக்கில் மேலடுக்குகள் வெறும் சர்க்கரைச் சிற்பங்களே. 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில்தான் எல்லா அடுக்கும் உண்ணத்தக்க கேக்காக அமைந்தது என்பர். இன்றைய வரவேற்பு மண்டபங்களில் நிலைமை மீண்டும் பழையபடி: ஏழடுக்கில் ஆறு தெர்மோகோல், கத்தி இறங்கும் ஓரடுக்கு மட்டும் கேக்.

இனி விலைக்கு வருகிறேன்.

அண்மையில் ஒரு மணமகனின் அக்கா கேக் கேட்டு வந்தார். 6, 8, 10 அங்குலத்தில் மூன்று அடுக்கு, பழக் கேக், ராயல் ஐசிங், 40 சர்க்கரை ரோஜாக்கள். விலை சொன்னேன். "வீட்டில்தானே செய்கிறீர்கள், கடை வாடகையா, ஆள் கூலியா? கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டார். கனிவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த "வீட்டில்தானே" என்ற சொல்லை என் ஆய்வுக் குறிப்பேடுகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பீடி சுற்றும் பெண்ணும், அப்பளம் இடும் பெண்ணும், துணிக்குப் பொத்தான் தைக்கும் பெண்ணும் சொன்ன சொல் அது. வேலை வீட்டுக்குள் நடந்தால் அது வேலையாகத் தெரிவதில்லை. இந்தியா முழுமைக்குமான முதல் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. அதன்படி ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடம் நடக்கும் அதே அடுப்படியில்தான் என் ஓவனும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்துக் காட்டாவிட்டால் அதுவும் இதுவும் ஒன்றாகவே பார்ப்பவருக்குத் தோன்றும்.

ஆகவே கோடு கிழித்தேன். ஒரு தாளில் நேரத்தை எழுதினேன். பழம் நறுக்கி, கலந்து, வேகவைப்பது 5 மணிநேரம். மார்சிபான் இரண்டரை. மூன்று பூச்சு நாலரை. நூலும் ஓரங்களும் 5. ரோஜா ஒன்றுக்கு 15 நிமிடம் வீதம் நாற்பதுக்கு 10. எடுத்துச்சென்று மண்டபத்தில் அடுக்கி நிறுத்துவது 3. ஆக 30 மணிநேரம். மணிக்கு 150 ரூபாய் என்றால் 4,500. பொருள்செலவும் மின்சாரமும் ஆட்டோவும் தனி. உலர்வதற்கும் ஊறுவதற்கும் காத்திருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ரோஜாவுக்கா பத்து மணிநேரம்?" என்றார். ஒரு ரோஜாவை அவர் எதிரிலேயே செய்து காட்டினேன். கடைசியில் ரோஜாக்களை 12 ஆக்கிக்கொண்டார். பத்து மணிநேரம் மூன்றாயிற்று. மொத்தம் 23 மணிநேரம், 3,450 ரூபாய். அதில் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லவில்லை. அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதை ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் மகிழவில்லை. "கல்யாண வீட்டுக்கு நேரத்தை எழுதிக் கொடுத்தியா?" என்று கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அவர் கேக் செய்து கொடுத்த வீடுகளிலிருந்துதான் அவர் மகள் திருமணத்திற்குப் பந்தலும் பாத்திரமும் வந்தன. கணவர் இறந்தபோது பதினாறு நாளும் சாப்பாடு வந்தது. அவருடைய உழைப்பும் கணக்கில் ஏறியதே. அந்தக் கணக்கை ஒரு தெருவே வைத்திருந்தது. எனக்கு அத்தகைய தெரு இல்லை. என் கேக்கை வாங்குபவரை நான் மறுபடி பார்ப்பது அரிது. கொடுக்கல் வாங்கல் தொடராத இடத்தில் அன்பளிப்பைப்போல் விலை சொன்னால், அந்த அன்பளிப்பு ஒருபோதும் திரும்பி வராது.

இதையே அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்றபோது, "அந்த நாலரை மணிநேரம் தப்பு. மூணாவது பூச்சுக்கு இன்னும் அரைமணி வேணும், சேர்த்து எழுது" என்றார்.

என் உதவித்தொகைக்கும் ஒருமுறை இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாதம் 200 மணிநேரம் ஆய்வு என்று வைத்தால், 8,000 ரூபாய் மணிக்கு 40 ரூபாயாகிறது. "படிக்கத்தானே செய்கிறீர்கள்" என்பதும் "வீட்டில்தானே செய்கிறீர்கள்" என்பதும் எனக்கு ஒரே குரலில்தான் கேட்கின்றன. ஆய்வேட்டின் இறுதி இயல் இன்னும் முடியவில்லை. உதவித்தொகைக் காலம் வரும் மாதங்களில் முடிகிறது. அதன்பின் ஆய்வேட்டை முடிக்கும்வரை சோறு போடப்போவது கேக்தான். ஆதலால் இந்தக் கணக்கு எனக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று.

வீட்டிலிருந்து கேக் செய்யும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அடுத்து, ஒரே ஒரு கேக்குக்காவது தொடக்கம் முதல் முடிவுவரை நேரத்தைக் குறித்துப் பாருங்கள். விலையை உடனே ஏற்ற வேண்டுமென்பதில்லை. யாருக்கு இலவசமாகச் செய்கிறோம், யாருக்கு விலைக்குச் செய்கிறோம் என்பதை நீங்களே தீர்மானிக்க அந்தத் தாள் உதவும். கேக் வாங்கும் நண்பர்களுக்கும் ஒன்று: விலை அதிகமென்று தோன்றினால், எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். செய்பவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

பிப்ரவரியில் ஆன்ட்டியின் பேத்திக்குத் திருமணம். அந்தக் கேக்கை நான் செய்கிறேன். அதற்கு மட்டும் தாள் எழுதப்போவதில்லை.